கடுக்காய், துரு, மழை: கோடும் நூலும் மண்ணும் சேர்ந்த ஒரு படைப்புத் தொடர்

வெள்ளைத் தாளில் கருப்பு மை. முரணைக் காட்ட இதைவிட எளிய வழி கிடையாது, இதைவிடச் சலித்துப்போன வழியும் கிடையாது. இங்கே ஆராய எடுத்துக்கொண்ட தொடரில் கருப்பு, புட்டியில் அடைத்து வாங்கிய நிறம் அல்ல. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சந்திக்கிற இடத்தில் அது தானாக விளைகிறது. சந்திப்பு நடந்த நேரம், ஈரம், அளவு மூன்றையும் பொறுத்து வெளிர் சாம்பலாகவும் இருக்கும், நீலம் கலந்த கருப்பாகவும் இருக்கும், கைமீறினால் தாளையே தின்னும் பழுப்பாகவும் மாறும். ஓவியர் ஒன்பது மாதம் கையாண்டது இந்த ஒரே வினையைத்தான். முதலில் கோட்டில், பிறகு தையலில், கடைசியில் சிற்பத்தில்.

தொடரில் 14 மைக்கோட்டுச் சித்திரங்கள், 6 தையல் துணிகள், 5 மண்-இரும்பு உருவங்கள். பட்டறை கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கம் பக்கம், கடலிலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர். எடுத்துக்கொண்ட பொருள் பனை. மே மாதம் நுங்கு, ஆவணியில் பனம்பழம், பழத்தின் கொட்டையை மண்ணில் புதைத்தால் தைப் பொங்கலுக்குக் கிழங்கு. இந்த நாட்காட்டியையே ஓவியர் வேலைத் திட்டமாக வைத்துக்கொண்டார். வசதியான ஏற்பாடு என்று தோன்றலாம். உண்மையில் அதுதான் நெருக்கடியைக் கொடுத்தது. பனம்பழம் காத்திருக்காது, வடகிழக்குப் பருவமழையும் காத்திருக்காது.

சென்னையில் கோட்டுக்கு ஒரு தனி மரபு உண்டு. 1850இல் தொடங்கிய எழும்பூர் ஓவியப் பள்ளி, 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம், கே.எம். ஆதிமூலத்தின் கருப்பு-வெள்ளைக் கோடுகள் என்று அந்த வழி நீளும். சோழமண்டலத்து ஓவியர்கள் மெழுகு வைத்துச் சாயமிடும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்றுத்தான் தங்கள் காலில் நின்றார்கள். அதனால் ஓவியமும் துணியும் ஒரே கூரைக்கடியில் இருப்பது இங்கே புதுமை அல்ல. ஆனால் இந்தத் தொடரில் துணி துணைத்தொழிலாக இல்லை. சொல்லப்போனால், மூன்றிலும் தேறி நிற்பது துணிதான்.

மை

கடுக்காய் மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது. ‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்பது வைத்தியர் பேச்சு. மை காய்ச்சவும் அது பொருந்தும். துவர்ப்புச் சத்தான டானின் சதையில்தான் நிறைந்திருக்கிறது, கொட்டையைச் சேர்த்து இடித்தால் எடைதான் கூடும். கொட்டை நீக்கிய தோல் 100 கிராம், ஒன்றிரண்டாக இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறல். மறுநாள் சிறு தீயில் 40 நிமிடம், பாதியாக வற்றும்வரை. எவர்சில்வர் அல்லது மண் பாத்திரம் மட்டும். இரும்புச் சட்டியில் வைத்தால் அடுப்பிலேயே கருத்துவிடும். மூன்று முறை துணியில் வடிகட்டியபின் 500 மில்லி மஞ்சள் கலந்த பழுப்புக் கஷாயம் கிடைக்கும்.

இதில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்தால் மை. வேலம்பிசின் 15 கிராம், கோடு பரவாமல் பிடித்துக்கொள்ள. அன்னபேதி எவ்வளவு என்பதில்தான் முதல் தவறு நடந்தது.

முதல் காய்ச்சலில் 500 மில்லி கஷாயத்துக்கு 60 கிராம் போட்டார். நன்றாகக் கருக்க வேண்டும் என்ற ஆசை. கருக்கவும் செய்தது. கையால் செய்த 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாளில் நுங்குக் குலைகளை வரைந்த முதல் நான்கு சித்திரங்கள் இந்த மையில் வந்தவை. ஆறு வாரத்தில் கோட்டைச் சுற்றி இளம்பழுப்பு வளையம் விழுந்தது. ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை மை ஏற்றிய பகுதி தாளின் பின்புறம் ஊடுருவித் தெரிந்தது. நான்காம் மாதம், ஒரு தாளைத் தூக்கும்போது அடர்ந்த கோட்டின் வழியே கீறல் விட்டது.

காரணம் இது. அன்னபேதி, அதாவது பெரஸ் சல்பேட், டானினோடு சேரும்போது கந்தக அமிலம் விடுபடுகிறது. அது தாளின் செல்லுலோஸை அறுக்கும். அதைவிட மோசம், டானினோடு சேராமல் மிஞ்சிய இரும்பு. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தாளைச் சிதைக்கும் வினையை அது விடாமல் தூண்டிக்கொண்டிருக்கும். சென்னைக் காற்றின் ஈரம் இரண்டையும் வேகப்படுத்துகிறது. பழைய கையெழுத்து ஆவணங்களில் எழுத்து இருந்த இடம் சல்லடைபோல உதிர்ந்திருப்பதும் இதே நோயால்தான்.

இரண்டாம் காய்ச்சலில் அதே 500 மில்லிக்கு 20 கிராம். டானின் மிஞ்சட்டும், இரும்பு மிஞ்ச வேண்டாம் என்பதுதான் கணக்கு. மிஞ்சியதா என்று பார்க்க, பாத்தோஃபெனாந்த்ரோலின் என்ற வேதிப்பொருளில் தோய்த்த காகிதச் சோதனைத் துண்டை ஈரப்படுத்திக் கோட்டின் மேல் சில விநாடி அழுத்த வேண்டும். சேராத பெரஸ் இரும்பு இருந்தால் துண்டு இளஞ்சிவப்பாக மாறும். முதல் மையில் அடர்சிவப்பு, இரண்டாவதில் நிறம் பெரும்பாலும் எழவில்லை. சுண்ணாம்புச் சத்து சேர்த்த தாளை வாங்கினால் அமிலத் தொல்லை தீருமே என்று கேட்கலாம். அமிலம் அடங்கும், ஆனால் காரத்தன்மை மையின் கருப்பைப் பழுப்பாக்கும். நிறமா ஆயுளா என்று அங்கேயும் தேர்வு செய்தாக வேண்டும்.

அளவு குறைந்ததில் எதிர்பாராத ஆதாயம் ஒன்று. இந்த மை எழுதும்போது வெளிறிய சாம்பலாகத்தான் இருக்கும், காற்றுப்பட்டு இரும்பு மாறிய பிறகே கருக்கும். பாதி நாளில் பாதிக் கருப்பு, ஓரிரு நாளில் முழுக் கருப்பு. திங்கட்கிழமை போட்ட கோடு கருத்திருக்க, செவ்வாய்க்கிழமைக் கோடு அதன்மேல் நிழல்போலக் கிடக்கும். இரண்டும் சமமாகும் நேரத்தைக் கணக்கிட்டுத்தான் அடுத்த அடுக்கைப் போட முடியும். வரைவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று தொடக்கத்தில் ஒரு துளி அவுரிச் சாயம் கலந்தார். பழைய மை தயாரிப்பாளர்களும் செய்த வேலைதான் அது. ஐந்தாம் சித்திரத்துக்குப் பிறகு அதை விட்டுவிட்டார். சரியான முடிவு. அவுரி இல்லாத ஒன்பது சித்திரங்களில்தான் காய்ந்த மட்டையும் புதிய குருத்தும் ஒரே மையில் வேறு வேறு வயதோடு நிற்கின்றன.

எழுதுகோல் மூங்கில் கலம். எஃகு நிப்பை இந்த மை சில நாளில் அரித்துவிடும்.

துணி

காடாத் துணி, கோடவுன் தெருவில் எடுத்தது. காடாவில் நெசவுக்கான கஞ்சி இருக்கும், அதை எடுக்காமல் எதைச் செய்தாலும் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். ஒரு கிலோ துணிக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 கிராம் சலவை சோடா, கொஞ்சம் பார் சோப்பு. ஒரு மணி நேரம் கொதி. அலசிக் காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு நிற்காமல் உடனே உறிஞ்ச வேண்டும். நின்றால் மறுபடி கொதிக்க வைக்க வேண்டியதுதான்.

அடுத்தது கடுக்காய்ப் பால். கலம்காரிக்காரர்களின் முறை: ஒரு கிலோ துணிக்கு 150 கிராம் கடுக்காய்ப் பொடி, ஒரு லிட்டர் எருமைப்பால், இரண்டு லிட்டர் தண்ணீர். பாலின் கொழுப்பும் புரதமும் இழைகளுக்கு இடையே படிந்து, பிறகு போடும் இரும்புநீர், அதாவது இரும்பை ஊறவைத்துப் புளிக்கவிட்ட நீர், கோட்டைத் தாண்டி ஓடாமல் தடுக்கின்றன. கால் மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து வெயிலில் தட்டையாக விரிக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் டானின் கீழே இறங்கி ஓரத்தில் தேங்கும். பாதியில் திருப்பிப் போடாவிட்டால் வெயில் பட்ட பக்கம் மட்டும் மஞ்சள் ஏறும். ஆனி, ஆடி வெயிலில் மூன்று மணி நேரம் போதும். ஐப்பசி மேகத்தில் மாலைவரை காயாமல் பால் புளித்து, துணி நாறும். எறும்பும் வரும்.

முதல் மூன்று மீட்டர் துணி இரும்புநீர் படுவதற்கு முன்பே சாம்பல் படர்ந்து கெட்டது. குற்றவாளி தண்ணீர். போர்வெல் நீரில் இரும்பு இருந்திருக்கிறது. குடிக்கையில் நாக்குக்குத் தெரியாத அளவையும் கடுக்காய் காட்டிக்கொடுத்துவிடும். சோதனை மிக எளிது: ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி கடுக்காய்க் கஷாயம் விட்டு அரை மணி நேரம் வைக்க வேண்டும். நீலச்சாம்பல் சாயல் தெரிந்தால் அந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது. அதன்பின் பால் கலக்குவதற்கும் கடைசி அலசலுக்கும் கேன் தண்ணீர்தான். கடலோரப் பகுதியில் இந்த வேலை செய்கிறவர்கள் செலவுக் கணக்கில் கேனைச் சேர்க்காமல் விடுகிறார்கள், பிறகு துணியைத் திட்டுகிறார்கள்.

இனி தையல். இந்தத் தொடரின் மிகக் கூர்மையான யோசனை இங்கே இருக்கிறது. கடுக்காய்ப் பால் ஏறி இளமஞ்சளாக இருக்கும் துணியில் மூன்று வகை நூல்:

பாலியஸ்டர் எம்ப்ராய்டரி நூல், வெளிர் மஞ்சளில். டானினும் இரும்பும் இதில் பிடிக்காது.

கடுக்காய் படாத வெள்ளைப் பருத்தி நூல். இரும்பை மட்டும் வாங்கிக் காவி கலந்த மணல் நிறமாகும்.

கஷாயத்தில் ஊறவைத்துக் காயவைத்த அதே பருத்தி நூல். துணியோடு சேர்ந்து கருக்கும்.

தைக்கும்போது மூன்றும் பெரும்பாலும் ஒரே நிறம்; எது எங்கே போகிறது என்று பக்கத்தில் வைத்த வரைபடத்தைப் பார்த்துத்தான் தைக்க வேண்டும். தையல் முடிந்து இரும்புநீர் பட்டதும் துணி ஓரிரு நிமிடத்தில் கருத்து, பாலியஸ்டர் தையல் வெளிச்சமாக மேலெழும், கடுக்காய் படாத பருத்தி நடுநிறத்தில் நிற்கும், மூன்றாம் நூல் மேடாக மட்டும் தெரியும். பனங்கொட்டையின் வெளிநார், உள்ஓடு, முளை விட்டபின் உள்ளே ஊறும் தவுண் மூன்றையும் இப்படித்தான் பிரித்திருக்கிறார். முரண் தைக்கப்படவில்லை, தைத்த இடத்தில் பதுங்கியிருந்தது வெளியே வருகிறது.

படியெடுக்க, கொக்கி ஊசியால் தைக்கும் ஆரிக்காரர்களின் வழி: ட்ரேசிங் தாளில் கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்தி, துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலத்தைப் பஞ்சால் ஒற்றுவது. பாலூறிய துணியில் மண்ணெண்ணெய் கொஞ்சம் அதிகமானாலும் எண்ணெய்த் திட்டு விழுந்து அந்த இடத்தில் இரும்பு ஏறாது. பஞ்சைப் பிழிந்து, தொட்டால் ஈரம் தெரியாத நிலையில் ஒற்ற வேண்டும்.

நார்ப்பகுதிக்குக் காம்புத் தையல், இரண்டு இழை. ஓட்டுக்கு ஆரி ஊசியில் சங்கிலித் தையல், சட்டத்தில் இழுத்துக் கட்டி. தவுணுக்குப் பிரெஞ்ச் முடிச்சு, ஆறு இழையும் சேர்த்து. ஒரு துணி 45-க்கு 60 சென்டிமீட்டர். ஒன்றுக்கு 70 முதல் 90 மணி நேரம். முடிச்சுப் பகுதிதான் நேரத்தைத் தின்றது.

பெரிய சேதத்தை உண்டாக்கியது சின்னப் பழக்கம் ஒன்று. மதியச் சாப்பாட்டுக்கு எழும்போது ஊசியைத் துணியிலேயே குத்தி வைப்பது. ஈரக் காற்று, டானின் ஏறிய துணி, எஃகு ஊசி. மறுநாள் காலையில் எடுத்தால் மிளகளவு கரும்புள்ளி. அது போகாது, போக்க முயன்றால் சுற்றிலும் வெளிறும். வட்டச் சட்டத்தின் திருகு, குண்டூசி, கத்தரிக்கோல் முனை எல்லாமே எதிரிகள்தான். பித்தளைக் குண்டூசியும் மரச்சட்டமும் வைத்துக்கொண்டு, ஊசியை மெழுகு தடவிய கம்பளித் துண்டில் குத்திவைக்கத் தொடங்கிய பிறகு புள்ளி நின்றது.

இரும்புநீர் கடையில் கிடைக்காது, ஊறப்போட வேண்டும். புதுப்பேட்டையில் எடைக்கு வாங்கிய துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒரு கிலோ, கருப்பட்டி 250 கிராம், தண்ணீர் 5 லிட்டர், பிளாஸ்டிக் வாளி. வாயைத் துணியால் கட்ட வேண்டும், மூடியால் இறுக்கக்கூடாது; நொதிக்கும்போது வாயு வெளியேற வழி வேண்டும். எண்ணெய் பூசிய இரும்பு என்றால் முதலில் சோப்புப் போட்டுக் கழுவியாக வேண்டும். இந்த ஊருக்கு 15 முதல் 20 நாள் போதும். நுரை அடங்கி, புளித்த வாடை மாறி, நீர் வெளிர்பழுப்பாகத் தெளியும். தயாரா என்று பார்க்க, கடுக்காய்த் துணித் துண்டில் ஒரு சொட்டு. அரை நிமிடத்துக்குள் கருக்க வேண்டும்.

துணியை இதில் முக்கியது முதல் முயற்சி. அதில் கடுக்காய் படாத நூலும் சாம்பலாகிவிட்டது. துணி தொப்பலாக நனைந்ததும் டானின் கரைந்து பக்கத்து நூலுக்கு ஏறியதுதான் காரணம். இரண்டாவதிலிருந்து தெளிப்பானால் பனிபோல இரு முறை, நடுவில் இருபது நிமிடம் காயவிடல். அதன்பின் மூன்று அலசல், சுண்ணாம்புக்கல் மாவு 20 கிராம் கலந்த ஒரு லிட்டர் நீரில் பத்து நிமிடம், மறுபடி அலசல். இதைச் சோம்பலில் தவிர்த்தால் மை தாளுக்குச் செய்ததையே மிஞ்சிய இரும்பு துணிக்கும் செய்யும். பழைய அச்சுத் துணிகளில் மற்ற நிறங்கள் இருக்க, கருப்புக் கோடு மட்டும் இற்றுப்போயிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

மண்

ஐந்து உருவங்கள், ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் உயரம், முளைவிட்ட கொட்டையின் வடிவம். உள்ளே 8 மில்லிமீட்டர் இரும்புக் கம்பிக் கூடு, வெளியே சுடாத களிமண். மழையில் மண் கரைய, கூடு வெளிப்பட, துரு வழிய வேண்டும். அந்த நீர் கீழே விரித்த கடுக்காய்த் துணியில் விழுந்து தானாக வரைய வேண்டும் என்பது திட்டம். ஆறு துணிகளில் இரண்டு இப்படி மழை வரைந்தவை.

களிமண் கொசப்பேட்டை வழியாக வந்தது. விநாயகர் சதுர்த்திக்கு முன் கேட்டால் கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும், வாங்கியது புரட்டாசியில். முதல் உருவம் காயும்போதே கம்பி வழியாகப் பிளந்தது. களிமண் காயும்போது சுருங்கும், இரும்பு சுருங்காது. அடுத்தவற்றுக்குக் கம்பியின் மேல் வைக்கோல் பிரி சுற்றி, அதன்மேல் சணல் சாக்குக் கீற்று, பிறகு மண். மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றுமணல், ஒரு கைப்பிடி உமி. கனம் எங்கும் 4 சென்டிமீட்டரைத் தாண்டாமல், இரண்டு அடுக்காக. ஈரச்சாக்கு போர்த்தி 12 நாள் நிழலில் காய்ந்ததும் மயிரிழை விரிசல்களோடு நின்றன.

மழை வேறு பாடம் நடத்தியது. மெல்ல மெல்லக் கரையும் என்று வரைந்து வைத்திருந்தார். ஐப்பசியில் ஒரே இரவு கொட்டியதில் மொட்டைமாடியில் இருந்த இரண்டாம் உருவத்தின் மண் பாளம் பாளமாக வைக்கோலிலிருந்து கழன்று விழுந்தது. காலையில் இருந்தது ஒரு குவியலும் நிர்வாணமான கூடும். மாற்றம் என்று அதைச் சொல்ல முடியாது, விபத்து. மீதியில் மேலடுக்கை எடுத்துவிட்டு, இரண்டு அங்குலமாக வெட்டிய தேங்காய் நார் சேர்த்து மறுபடி பூசினார். 10 கிலோ மண்ணுக்கு 150 கிராம். நார் பாளத்தைப் பிடித்துக்கொள்ள, மண் பொடியாக மட்டும் இறங்கியது. மூன்றாவதும் நான்காவதும் கார்த்திகை முடிவில் பாதி மண், பாதி இரும்பு என்று நின்றன. பனங்கொட்டையை வெட்டிப் பார்ப்பது போலவே இருந்தது.

கீழே விரித்த துணியில் நேர்ந்த பிழையும் சொல்ல வேண்டும். துரு தண்ணீரில் எளிதில் கரையாது. துகளாக விழுந்து, டானினோடு ஊறிய இடத்தில்தான் கருக்கும். விடாமல் பெய்த நாளில் டானினே அடித்துப்போய்விட்டது, வெறும் காவிக்கறை மிஞ்சியது. உருவத்துக்கு மேல் தகரக் கூரை வைத்துச் சொட்டு மட்டும் விழும்படி செய்து, தினம் மாலை துணியை எடுத்துக் கஷாயம் தெளித்துக் காயவைத்த பிறகுதான் கோடு தங்கியது. ஆகவே ‘மழை வரைந்தது’ என்பதில் பாதி உண்மைதான், மீதி தகரக் கூரையின் கைவேலை.

நிறுத்துவது

கடலோரத்தில் இரும்பைத் துருப்பிடிக்க வைக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. நிறுத்துவதுதான் வேலை. கூட்டின் இணைப்புகளைக் கட்டுக்கம்பியால் கட்டிய உருவத்தில், உப்புக்காற்றில் முதலில் அறுந்தது அந்த மெல்லிய கம்பிதான். மற்றவற்றில் பற்றவைப்பு.

மார்கழியில் இரண்டு உருவங்களுக்குத் துருவை நிறுத்தினார். மண் இல்லாத இரும்புப் பகுதியை ஐந்து நாள், நாளுக்கு இரு முறை, உப்பில்லாத தண்ணீரில் தோய்த்த பஞ்சால் ஒற்றி எடுத்தல். உதிர்கிற துருவைப் பித்தளைத் தூரிகையால் தேய்த்தல். ஒரு நாள் காய்ந்தபின் கெட்டியான கடுக்காய்க் கஷாயம் மூன்று பூச்சு. துருவோடு டானின் சேர்ந்து கருநீலப் படலமாகும், அதே வினை இங்கே காவலாக நிற்கும். பிறகு ஹீட் கன்னால் லேசாகச் சூடாக்கி, டர்பென்டைனில் கரைத்த தேன்மெழுகு. உப்பை முழுதாக எடுக்காமல் மெழுகு பூசினால் சில வாரத்தில் அடியிலிருந்து வியர்வைத்துளி போல ஆரஞ்சு நீர் கசியும். ஓர் உருவத்தின் அடித்தண்டில் அப்படியே கசிந்தது. மெழுகைக் கரைத்தெடுத்து முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

காட்சி வைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தாளுக்கும் துணிக்கும் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம், கண்ணாடி தாளைத் தொடாமல் நடுவே சட்டம், பின்னட்டையில் சிலிக்கா ஜெல். பாலூறிய துணி ராமபாணப் பூச்சிக்கு விருந்து, மாதம் ஒரு முறை புரட்டிப் பார்க்க வேண்டும். விற்கும்போது ஒவ்வொரு படைப்போடும் மையின் அளவு, அலசிய முறை, நிறுத்திய நாள் எழுதிய அட்டை போகிறது. வாங்குகிறவர் ஐந்து வருடம் கழித்து நிறம் மாறியதென்று வந்து நின்றால் பேச அந்த அட்டைதான் ஆதாரம்.

60 கிராம் மையில் வரைந்த முதல் நான்கு சித்திரங்கள் விற்பனைக்கு இல்லை. அமிலமில்லாத தாள் இடையிட்டு, தட்டையான இழுப்பறையில், மற்ற பத்தோடு கலக்காமல் தனியே வைக்கப்பட்டிருக்கின்றன. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் எடுத்து, ஒரே சாம்பல்நிற அட்டையைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கிறார். கீறல் விட்ட தாளில் கீறல் இப்போது குலையின் காம்பைத் தாண்டி இரண்டாம் நுங்குவரை வந்திருக்கிறது.